வண்டிக்கு முத்துப் போட்டபோது

ஊர் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு வாசல் இருக்கும், வாசல் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு வண்டி நிற்கும், வண்டி என்று ஒன்று நின்றால் அதற்கு ஒரு சாவி இருக்கும், சாவி என்று ஒன்று இருந்தால் அது யாராவது ஓர் ஆண்பிள்ளையின் இடுப்பில் இருக்கும். எங்கள் வெள்ளியம்பாளையமும் இந்த வரிசையை மீறாத ஊர்தான். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், அடக்கிக்கொண்டு பேசுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது.

என் பெயர் சாந்தாமணி. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறேன். எங்கள் ஊரிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஒன்பது பேர். எங்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவள் துளசிமணி. காலை ஏழு நாற்பதுக்கு டீக்கடைக்கு நேர் எதிரே, பிள்ளையார் கோயில் முன்னால் அவளுடைய வெள்ளை வேன் வந்து நிற்கும், இரண்டு முறை ஹாரன் அடிக்கும், கிளம்பிவிடும். ஏழு நாற்பது என்றால் ஏழு நாற்பதுதான். எங்கள் ஒன்பது வீட்டிலும் அடுப்பில் குக்கர் ஏறுவதும், பிள்ளைகளுக்குச் சடை பின்னுவதும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், புருஷன் தேடுகிற சட்டையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுப்பதும் அந்த ஏழு நாற்பதைப் பார்த்துத்தான் நடந்தன. ஒன்பது வருஷம் அப்படி நடந்தது.

வண்டி வாங்கியது துளசிமணியின் அம்மா வீட்டு நகையில். ஓட்டினவள் துளசிமணி. டயருக்குப் பஞ்சர் போட்டவளும் அவள்தான். அவள் புருஷன் நாச்சிமுத்து தறி ஓட்டினான், நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டான், சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது அவன் பெயர், ஏனென்றால் எழுதப் போன இடத்தில் "வீட்டுக்காரர் பேரச் சொல்லும்மா" என்றுதான் கேட்டார்கள். ஊரிலும் அதை நாச்சிமுத்து வண்டி என்றே சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னோம்.

மாசி மாதம் நாச்சிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்குழிக்குள் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அவனுடைய அண்ணன் சென்னியப்பன் துளசிமணி வீட்டுக்குள் போனார், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார், எங்கள் எல்லோர் கண் முன்னாலும் வேட்டியைத் தளர்த்தி அரைஞாண் கயிற்றில் அதைக் கோத்து முடிச்சுப் போட்டு, மறுபடி வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"தாலியறுத்தவ ரோட்டுல சுத்தறது நம்ம குடும்பத்துக்கு ஆகாது. வண்டிய வெலைக்குப் பேசியாச்சு" என்றார்.

அந்த மனுஷனின் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டைப் பையில் வைத்திருக்கலாம், பெட்டியில் பூட்டியிருக்கலாம். வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணனை மச்சாண்டார் என்போம். மச்சாண்டாருக்கு முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. துளசிமணி பத்தொன்பது வருஷமாக அப்படிப் பேசியதில்லை. ஒரே வாசலில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு, குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பாள். அவளால் எங்கே கை நீட்ட முடியாதோ, எங்கே கண்கூடப் போக முடியாதோ, அந்த இடமாகப் பார்த்துக் கட்டினார். நாங்கள் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாளிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து போய் பஸ் பிடித்தோம், கம்பெனியில் லேட்டு என்று திட்டு வாங்கினோம், வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் விடிந்தபோது, வாசலில் நின்ற வண்டியின் டிரைவர் பக்கத்துக் கதவில் பத்து முத்துக்கள் போட்டிருந்தன. கடலை அளவில், வெளுப்பாய், மேலே பளபளப்பாய், மூன்று மூன்றாக மூன்று வரிசையும் அடியில் ஒன்றுமாக எழும்பியிருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் ஒரு எண்ணும், கடைசியில் பூஜ்யமும் இருந்தன. தொட்டால் லேசாகச் சுட்டது. சாவி போடுகிற துவாரம், தோடு போடாத காது தூர்ந்துபோவதுபோலத் தூர்ந்து மூடியிருந்தது.

சென்னியப்பன் சாவியை எடுக்காமல் முதலில் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெக்கானிக் ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டார். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "இது பெரிய பெரிய காருல எல்லாம் வருமுங்கண்ணா. நம்பரு போட்டாத் தொறக்கும். சாவி வேண்டியதில்ல" என்றான்.

"இதுல எவன் மாட்டுனான்?"

"மாட்டுன மாதிரி இல்லீங்க. மொளச்ச மாதிரி இருக்குது."

முளைத்தது என்ற வார்த்தை கோயிலுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. கருப்பண பூசாரி வந்தார், கதவுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார், "ஆத்தா வந்திருக்காடா! முத்துப் போட்டிருக்கா, தெரியல? செருப்பக் கழட்டுங்க" என்றார். எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். ஈஸ்வரமூர்த்தியும் கழற்றினான். அது அம்மைதான் என்றும், நம்பர் போடுகிற அம்மை என்றும், ஆத்தாள் காலத்துக்குத் தக்கபடி வந்திருக்கிறாள் என்றும் ஊர் பத்து நிமிஷத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் நம்பிக்கொள்கிற ஊரை, அந்த வண்டி யாருடையது என்பதை மட்டும் யாராலும் நம்பவைக்க முடியவில்லை.

அம்மை என்றால் அதற்கு முறை உண்டு. வண்டியைச் சுற்றி வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள், கண்ணாடியில் மஞ்சள் பூசினார்கள், நான்கு டயருக்கும் அடியில் வேப்பிலை பரப்பினார்கள், சூடு தணியட்டும் என்று பானெட்டுக்கு மேல் மோர் ஊற்றினார்கள். அந்த வாசலைச் சுற்றி இருந்த ஏழு வீட்டிலும் ஒரு வாரத்துக்குத் தாளிக்கவில்லை, கடுகு வெடிக்கிற சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது. ஏழாம் நாள் காலையில் வண்டிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவரை நகர்த்தக் கூடாது, விற்கக் கூடாது என்று பூசாரி சொன்னார். இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்திலும் மண் விழுந்தது. அம்மை போட்ட இடத்துக்குத் தீட்டுள்ளவர்கள் வரக் கூடாது. அதை ஞாபகப்படுத்தியவர் சென்னியப்பன். சாவு நடந்து மாசம் ஒன்றுகூட ஆகவில்லை, தாலியறுத்தவள் நிழல் பட்டால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள், அதனால் துளசிமணி வீட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்று அவர் சொன்னார், ஊர் தலையாட்டியது. அவள் வாசற்படிக்கும் வண்டிக்கும் நடுவே பத்து எட்டுத் தூரம். படிக்கு இந்தப் பக்கம் விபூதியால் ஒரு கோடு போட்டார்கள். செத்துப்போனது இவருக்கும் தம்பிதான், ஆனால் தீட்டு இவரைத் தொடவில்லை, இவர் வண்டிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஆண்பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். குளித்துவிட்டு, சூடம் ஏற்றிவிட்டு, வேப்பங்குச்சியின் நுனியால் ஆளுக்கு ஒரு முறை நான்கு எண்களைத் தொட்டுப் பார்க்கலாம் என்று பூசாரி அனுமதி கொடுத்திருந்தார். சரியான எண் கிடைத்தால் ஆத்தாள் மனம் குளிர்ந்தாள் என்று அர்த்தம், ஏழாம் நாள் வாங்க வருகிறவருக்கும் அந்த எண்ணைச் சொல்லி வண்டியைக் கொடுத்துவிடலாம். நாச்சிமுத்து பிறந்த வருஷத்தைப் போட்டார்கள். அவன் செத்த தேதியைப் போட்டார்கள். வண்டி நம்பரை, தோட்டத்து சர்வே நம்பரை, மின்சார வாரியத்து இணைப்பு எண்ணைப் போட்டார்கள். போன தேர்தலில் தன் கட்சி வாங்கிய ஓட்டை ஒருவர் போட்டார், எதிர்க்கட்சிக்காரர் தன் கட்சி ஓட்டைப் போட்டார். கூட்டுத்தொகை ஐந்து வரவேண்டும் என்று ஜோசியர் ஒருவர் கணக்குப் பண்ணிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் வண்டி 'ச்சு' கொட்டியது. பிள்ளைகள் தப்பாகப் படிக்கும்போது வாத்தியாரம்மா கொட்டுவாளே, அந்த ச்சு.

வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமல்லவா, டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது. வண்டிக்கு இப்படி நம்பர்ப் பலகை தேவையா, வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் உண்டா என்று விவாதம். சாவி தொலைந்துபோகும், நம்பர் தொலையாது என்றான் ஈஸ்வரமூர்த்தி. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே முழிக்க வேண்டியதில்லை என்றான். மழையில் நனைந்தால் கெட்டுப்போகும் என்றார் ஒருவர், விரல் பட்டுப் பட்டு எண் தேய்ந்தால் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சென்னியப்பன் சொன்னார்:

"சாவின்னா என்ற இடுப்புல இருக்குது. நான் குடுத்தாத்தான் அடுத்தவன் கைக்குப் போகும். இந்த நம்பரு எங்கடா இருக்குது?"

"மண்டைக்குள்ளங்கண்ணா."

"யாரு மண்டைக்குள்ள?"

"யாரு மண்டைக்குள்ள வேணா இருக்கலாமுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். சாவிய ஒருத்தர்கிட்ட இருந்து புடுங்கலாம். நம்பர எப்படிப் புடுங்கறது? குடும்பஸ்தனுக்கு இது ஆகாத சாமானம்" என்றார்.

அந்த மனுஷன் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

பெண்கள் நம்பர் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் முறை வைத்து, ஆளுக்கு ஒரு வேளை, முத்துக்களுக்கு மஞ்சள் அரைத்துத் தடவ வேண்டும். முதல் முறை என்னுடையது. சென்னியப்பன் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பூஜ்யத்துக்கு மஞ்சள் வைத்தேன். ஏன் அதில் ஆரம்பித்தேன் என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், முதல் நாள் அந்த எண்களைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பூஜ்யம், ஏழு, நான்கு, பூஜ்யம். கை தன்னால் போயிற்று. 'டக்'கென்று கதவு திறந்துகொண்டது. உள்ளே துளசிமணியின் துண்டு சீட்டின் மேல் மடித்தபடி கிடந்தது, நாங்கள் ஒன்பது பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிய சீட்டுகளின் வாசனை வந்தது.

நான் கதவைச் சாத்திவிட்டேன்.

"என்ன சத்தம்?" என்றார் சென்னியப்பன், கண்ணைத் திறக்காமல்.

"கொலுசுங்கண்ணா" என்றேன். கொலுசு போட்டு எனக்குப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவர் நம்பிவிட்டார்.

முத்துப் போட்ட ஐந்தாம் நாள் மத்தியானம் துளசிமணிக்குக் கம்பங்கூழ் கொண்டுபோனேன். அவள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூழை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாந்தா, மொத நாளு சாயங்காலம் நீதான மஞ்சத் தடவ வந்த?"

"ஆமாங்க்கா."

"கதவு தொறந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. ஒம்போது வருசமா அந்தச் சத்தத்தக் கேட்டவ நானு, எனக்குத் தெரியாதா?"

நான் கூழைக் குடிக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

"தொறந்த கதவ எதுக்கு சாந்தா சாத்துன?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் சும்மா கேட்டாள், உப்புப் போட்டாயா என்று கேட்பதுபோல. பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்கு என்ன பயம், என் சாவியையா பிடுங்கினார்கள்? நான் எழுந்து வந்துவிட்டேன். வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் பஸ்ஸுக்கு நடந்து போகையில் மற்ற எட்டுப் பேரிடமும் சொன்னேன். ஏசுவார்கள் என்று நினைத்தேன். முன்னால் போன ராக்கம்மா நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"நானும் தொறந்தேன்" என்றாள். "தொறந்துட்டுச் சாத்திப்போட்டேன்."

அவளுக்குப் பின்னால் வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும். ஒவ்வொருத்தியும் தன் முறைக்குப் போய், ஒவ்வொருத்தியும் ஏழு நாற்பதைத் தொட்டு, ஒவ்வொருத்தியும் திறந்த கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊர் ஆண்பிள்ளைகள் நூற்றுச்சொச்சம் பேர் சூடம் ஏற்றித் திறக்க முடியாத கதவை நாங்கள் ஒன்பது பேரும் ஒன்பது தடவை திறந்து ஒன்பது தடவை சாத்தியிருக்கிறோம். நடுரோட்டில் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். அப்போது வந்ததே ஒரு கோபம், அது சென்னியப்பன்மேல் வந்ததில்லை. பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை, போய்விட்டது.

ஏழாம் நாள் காலை தலைக்குத் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒன்பது குடத்தில் எடுத்துக்கொண்டு வந்தோம். ஆத்தாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது ஆண்பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும், அதுவும் முறை. தள்ளி நின்றார்கள். வண்டி வாங்க வந்தவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார். நாங்கள் வண்டியைச் சுற்றி வட்டமாக நின்றோம். தண்ணீர் ஊற்றவில்லை. நான் துளசிமணியின் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அக்கா! நேரமாச்சு."

அவள் வெளியே வந்தாள். கம்பெனிக்குப் போகிற நாளில் கட்டுகிற அதே நீலச் சேலை, தோளில் சாப்பாட்டுப் பை. விபூதிக் கோட்டைக் காலால் அழிக்கவில்லை, தாண்டவும் யோசிக்கவில்லை, தரையில் அப்படி ஒன்று இல்லாததுபோல நடந்து வந்தாள். சென்னியப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"தீட்டோட வர்றா பாரு! ஆத்தா ஊரையே அழிச்சுப்போடுவாடீ! பூசாரி, சொல்லய்யா!"

துளசிமணி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"ஏனுங் மாமா, வருசா வருசம் ஆத்தாளுக்குப் புருசன்னு சொல்லிக் கம்பம் நடறீங்க. நோம்பி முடிஞ்சா அந்தக் கம்பத்தப் புடுங்கிக் கெணத்துல போடறீங்க. அப்ப ஆத்தாளும் தாலியறுத்தவதானுங்களே. அவளுக்கு நானென்னங் தீட்டு?"

பூசாரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வருஷா வருஷம் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போடுகிற கை அவருடையதுதான்.

"தள்ளி நில்லுங் மாமா."

அவர் விலகவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் குடத்தோடு ஓர் எட்டு முன்னால் வைத்தோம். அவர் விலகினார். துளசிமணி வேப்பங்குச்சியும் எடுக்கவில்லை, சூடமும் ஏற்றவில்லை, சுட்டுவிரலால் முத்துக்களை நான்கு தடவை தொட்டாள், கதவு திறந்தது, ஏறி உட்கார்ந்து கிளட்சில் கால் வைத்தாள், சாவி கேட்காமலே வண்டி உறுமியது. நாங்கள் குடங்களை அப்படியே வாசலில் வைத்துவிட்டு ஏறினோம்.

சென்னியப்பனுக்கு அப்போதுதான் புத்தி பேதலித்தது. "சாவி என்றகிட்ட இருக்குதுடா! சாவி என்றகிட்ட இருக்குது!" என்று கத்திக்கொண்டே வேட்டியைத் தளர்த்தினார். முடிச்சு அவிழவில்லை. இழுத்தார், வேட்டி காலடியில் விழுந்தது, பட்டாப்பட்டியும் அரைஞாண் கயிறும் அதில் ஒரு சாவியுமாக ஊர் நடுவில் நின்றார். வண்டி வாங்க வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துளசிமணி பிள்ளையார் கோயில் முன்னால் போய் வண்டியை நிறுத்தினாள், ஏற ஆளே இல்லாவிட்டாலும் இரண்டு முறை ஹாரன் அடித்தாள். நான் மணி பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வேப்பிலைத் தோரணத்தோடு மஞ்சள் பூசிய வண்டி கம்பெனி வாசலில் போய் நின்றது. வாட்ச்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் இதையும் ஜீரணித்துவிட்டது. ஆத்தாளே துளசிமணிக்குத் திறந்துவிட்டாள் என்றார்கள். பூசாரி அதற்கு ஒரு கனவையும் சேர்த்துக்கொண்டார். வாரிசுச் சான்றிதழுக்குத் தடை சொல்ல ஒருவரும் துணியவில்லை, ஆர்.சி. புத்தகத்தில் இப்போது அவள் பெயர் இருக்கிறது. எல்லாம் ஆத்தாளின் கருணை என்கிறார்கள். ஒரு பொம்பளைக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொள்வதைவிட, ஒரு தெய்வத்தை வேனில் இறக்குவது இவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. அந்த எண் என்ன என்று ஒருவரும் எங்களைக் கேட்கவுமில்லை.

முத்துக்கள் இறங்கவில்லை, கதவில்தான் இருக்கின்றன. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், வண்டிக்கு இப்படி ஒன்று வைப்பது பிரயோஜனம்தானா, செலவுக்குத் தகுமா என்று. சாவியை யாரும் பிடுங்காதவர்களுக்குத் தேவையில்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

போன வாரம் சென்னியப்பன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது, முடிச்சு அவிழவே இல்லையாம். எங்கள் வேன் அவருக்கு எதிரே வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. ஏறப் போனவள் நின்று அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, எங்க வண்டி தெனமும் எத்தன மணிக்குங்க கெளம்புது?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"ஒரு எட்டு, எட்டரை இருக்கும்" என்றார்.